எட்னா வீட்டுக் கரவாங்குகள்

டாஸ்மேனியாவின் மேட்டுநிலத்தில் எட்னா என்று சொன்னால், "எந்த எட்னா, கரவாங் எட்னாவா?" என்றுதான் கேட்பார்கள். கரவாங் பார்ப்பதற்குக் காக்கையின் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். மஞ்சள் கண், கடப்பாரை மூக்கு, பொல்லாத திருட்டுப் புத்தி. அதற்குப் போய் ஆட்டுக் கொழுப்பை நறுக்கிப் போட்டு வளர்த்தவள் எட்னா. கணவன் பேசில் நாள் முழுக்க ஆடுகளோடு போய்விடுவான். அவளுக்கோ வாய் சும்மா இருக்காது. பேச யாராவது வேண்டுமே.

மலை உச்சியிலிருந்து கரவாங்குகள் கூட்டமாகக் கீழே இறங்கினால், பின்னாலேயே பனிப்புயல் வரும். அந்தப் பக்கத்து ஆண்கள் அவை இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள். எட்னா வீட்டு முற்றத்தில் மட்டும் வருஷம் முழுக்கக் கரவாங்குகள்தான்.

அங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஒருநாள் காலை, மேல் மேய்ச்சலில் மிச்சமிருந்த ஆடுகளை ஓட்டிவரக் கிளம்பிய பேசில் வாசலில் நின்றான்.

"எட்னா, இன்னிக்கு நிறைய இறங்கியிருக்கே. பனி வருமோ?"

"பனிக்கா வந்துச்சு? என் கொழுப்புக்கு வந்திருக்கு. போயிட்டு வா."

"உன் கொழுப்புதான் ஊருக்கே தெரியுமே," என்று சிரித்துவிட்டுக் குதிரையேறினான்.

அவன் போன பிறகுதான் அவள் கவனித்தாள். வேலியில் உட்கார்ந்திருந்த பாதிப் பறவைகள் அவள் கைக்கு வரவில்லை. கூப்பிட்டாலும் ஒதுங்கின. அவளைத் தெரியாத மலைப் பறவைகள் அவை. ஓடிப்போய்க் கத்தியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். 'சே, என்ன பயம்' என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் எதிரே இருந்த மலை மறைந்துவிட்டது. பனி நின்ற பிறகு, ஓடைக்கு அக்கரையில் குடியிருந்த ஹார்வி பேசிலின் உடலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான்.

"பனிக்கு யார் என்ன செய்ய முடியும், எட்னா?" என்றான்.

"அவன் கேட்டான். நான்தான் போகச் சொன்னேன்."

பறவைகளைச் சுட்டுவிடட்டுமா என்று ஹார்வி துப்பாக்கியோடு வந்தபோது அவள் விடவில்லை. பறவைகள் பொய் சொல்லவில்லையே. அன்றிலிருந்து கொழுப்பைக் குழிதோண்டிப் புதைத்தாள். குளிர்காலம் முழுக்க அவை ஜன்னலைக் கொத்திக் கொத்திக் கேட்டன. எட்னா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஆனால் கதவைத் திறக்கவில்லை. கோடை வந்தபோது முற்றம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வீட்டில் அவளிடம் பேச ஒரு ஜீவன் இல்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை வேலி முழுக்கக் கரவாங்குகளால் கறுத்திருந்தது. எட்னா செருப்புகூடப் போடாமல் ஓடையில் இறங்கி நடந்தாள். ஹார்வி சேணம் பூட்டிக்கொண்டிருந்தான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதே. இறங்கிடுச்சு."

"உன் வீட்டுக்குத்தானே? தீனிக்கு வந்திருக்கும்."

"நான் தீனி போட்டு ஒரு வருஷம் ஆச்சு, ஹார்வி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சேணத்தை அவிழ்த்தான்.

மதியம் பனி கொட்டத் தொடங்கியது. ஹார்வியின் மனைவி வின்னி அடுப்பருகே எட்னாவை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். எட்னா அதைத் தொடவில்லை.

"உன் புருஷன் உள்ளதானே இருக்கான்?" என்று கேட்டாள்.

"இதோ, உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

சற்றுநேரம் கழித்து எட்னா மறுபடியும் அதையே கேட்டாள்.