பெண்பார்க்கும் நாளில் கதவைத் தேய்த்தவன்

சாரல் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு அறைக்கதவு உப்பிப்போய், சாத்தினால் திறக்க மறுக்கிறது. இன்று தங்கையைப் பெண்பார்க்க இலத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கதவைத் தேய்க்கும் கை மிஷின் ஒன்று வாங்கினேன்.

அருமையான மிஷின். உப்புத்தாளால் அரைநாள் தேய்க்க வேண்டியதை ஒரு டீ ஆறுவதற்குள் தேய்த்துவிட்டது.

பெருமை தாங்காமல், உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. நான் தேய்த்தது மேல்பக்கம், பிடித்துக்கொண்டிருந்தது கீழ்ப்பக்கம்.

வெளியிலிருந்து தங்கை கிசுகிசுத்தாள்: "அண்ணே, அவிய வந்துட்டாவ. சத்தம் காட்டாம அங்கனயே கிட."

கிடந்தேன். மூக்கெல்லாம் மரத்தூள். தும்மல் மட்டும் அடங்கவில்லை.

"உள்ள யாரோ தும்முதாவளே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எங்க அண்ணன்தான். கதவைச் சரிபண்ணுதான்" என்றாள் தங்கை.

நான் உள்ளே மாட்டிக்கொண்டது புரிந்து, மாப்பிள்ளை தோளால் ஒரு முட்டு முட்டினார். கதவு திறந்தது. மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி நின்றேன். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள், மாப்பிள்ளையும் சிரித்தார். அதிலேயே இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது அவர் அப்பா சொன்னார்: "எங்க வீட்டுக் கதவும் இப்படித்தான் பிடிக்குது. மிஷினைக் கொண்டுட்டு ஒருநா வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். கல்யாணம் முடியும்வரை மிஷினோடு அந்தப் பக்கம் போகாமலிருக்க நல்ல சாக்கு ஏதாவது சொல்லுங்களேன்.