அவரைப் பந்தலுக்கு நாலு பட்டுப்புடவை

ஆகஸ்ட் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் மலைக்கிராமத்தில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "விறகு வந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள். தபால்காரர் கேட்பார், நூலகத்தில் கேட்பார்கள், பல் மருத்துவர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிவந்த முதல் வருடம் பக்கத்துப் பண்ணை ஜூடி வண்டியை நிறுத்தி இதையே கேட்டபோது, "இல்லை, நாங்கள் கேஸ் அடுப்பில்தான் சமைக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஜனவரியில் எங்கள் இரண்டு பேரையும் கட்டையாகத்தான் தூக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள் போல. மறுநாள் காலை அவள் வண்டி நிறையப் பிளந்த விறகைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆரணியில் "சாப்ட்டியா?" என்று கேட்பவர்களுக்குச் சோறு போடும் உத்தேசம் பெரும்பாலும் இருப்பதில்லை. இங்கே கேட்டால் விறகு வந்து விழுகிறது. எந்த ஊர் மரியாதை உசத்தி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நாலு ஏக்கர் நிலம் எங்களுடையது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். அதில் மூன்று ஏக்கர் பாறையும் காடும். மிச்சத்தில் ஒரு பழைய மரவீடு, ஒரு கொட்டகை, ஆறு கோழி, ஒரு காய்கறித் தோட்டம். கோழிகளுக்கு என் கணவர் வீட்டுப் பெண்களின் உறவுமுறைகளைப் பெயராக வைத்திருக்கிறேன். பெரியத்தை எல்லாரையும் கொத்துவாள். சின்னத்தை முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுவாள். செப்டம்பரில் பகல் குறுகியதும் அத்தைமார்கள் முட்டையை நிறுத்திவிடுகிறார்கள், தீனியை மட்டும் நிறுத்துவதில்லை. அதே சமயத்தில் எங்கள் சாலையில் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். இலை சிவப்பதைப் பார்க்க வருகிறார்களாம். காய்ந்து விழப்போகிற இலைக்காக ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிற ஜனங்களை இங்கேதான் பார்த்தேன்.

இந்த நிலத்துக்கு ஆசைப்பட்டது நான். என் கணவர் சேகர் இல்லை. இது எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் இன்றுவரை விளங்காத மர்மம். நான் ஆரணிக் கடைத்தெருவுக்குப் பின்னால் வளர்ந்தவள். கீழே அப்பாவின் பட்டுப்புடவைக் கடை, மேலே வீடு. எங்கள் வீட்டில் பச்சையாக இருந்தது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் பெயின்ட் மட்டும்தான். மண் என்றால் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வரவேண்டிய சமாச்சாரம். காய்கறி எல்லாம் தேவிகாபுரம் பஸ்ஸின் கூரையில் மூட்டையாக வந்து இறங்கும். மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் மூட்டை இறங்கியதும் அம்மா என்னைத்தான் ஓடச் சொல்வாள். பனியில் நனைந்த அவரைக்காயின் வாசனை பச்சை வாசனையும் இல்லை, பூ வாசனையும் இல்லை. அந்தக் காய் எப்படி விளைகிறது, எந்தக் கொடியில் காய்க்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சேகர் அந்த மூட்டை கிளம்பிய ஊர்க்காரர். தேவிகாபுரத்தில் அவர் வீட்டுக்கு நிலமும் கிணறும் இருந்தன. மற்ற பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போகும்போது இவர் சோளக்கொல்லையில் நின்று தகரம் தட்டிக் கிளி விரட்டியிருக்கிறார். அந்தத் தகரத்தின் மேல் சத்தியம் செய்துதான் இன்ஜினியரிங் படித்தாராம். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வந்த காலத்தில் பாஸ்டன் அடுக்குமாடி வீட்டை விட்டு இங்கே வரலாம் என்று நான் கேட்டபோது, "பூச்சி கடிக்காத எடமா பாத்து வந்து ஒக்காந்திருக்கேன், உனுக்கு இன்னா கேடு?" என்றார். பிறகு மூன்று மாதம் நான் நச்சரித்ததில் ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. மண்ணைத் தொட மாட்டார். நாலு வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். நான் களை பிடுங்கும்போது வராந்தாவில் லேப்டாப்போடு உட்கார்ந்து, மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். "அப்டி புடுங்கினா வேரு உள்ளயே நின்னுகினு இருக்கும்" என்பார். எழுந்து வர மட்டும் மாட்டார்.

எனக்கு இங்கே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவரைக்காய். நியூஜெர்சித் தோழி ஒருத்தி ஒரு கைப்பிடி விதை கொடுத்திருந்தாள். மே மாதம் நட்டால் ஜூலைக்குள் பந்தலை மூடிவிடும், இலை இலையாக. பூ மட்டும் வராது. பிறகுதான் புரிந்தது: அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். ஊரில் அதற்குத் தோதாகக் கார்த்திகையும் மார்கழியும் உண்டு. இங்கே பகல் குறுகும்போது பின்னாலேயே உறைபனி வந்து நிற்கிறது. அவரை பூ எடுக்கும், உறைபனி கொல்லும்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு சாயங்காலம் ஜூடி வண்டியை நிறுத்தாமலே, "இன்று ஃப்ராஸ்ட், கவர் யுவர் பிளான்ட்ஸ்!" என்று கத்திவிட்டுப் போனாள். என் காதில் 'பேன்ட்ஸ்' என்று விழுந்தது. குளிரப்போகிறது, காலை மூடிக்கொள் என்கிறாளாக்கும், எவ்வளவு கரிசனம் என்று நினைத்து இரண்டு பேன்ட் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் நான் கதகதப்பாக இருந்தேன். தோட்டம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. இரண்டாம் வருடம் மான் தின்றுவிட்டது. மூன்றாம் வருடம் பூ பார்த்தேன், அவ்வளவுதான்.

இந்த நாலாம் வருடம் ஏப்ரலிலேயே சமையலறை ஜன்னலில் நாற்று விட்டு, அகலம் குறைவாக, ஆள் உயரத்துக்கும் மேலே பந்தல் கட்டினேன். ஆகஸ்டில் சேகரின் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது: இனி வாரத்தில் மூன்று நாள் நேரில் வரவேண்டும். பாஸ்டனுக்கு ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். அன்று சாப்பிடும்போதே, "வித்துட்டு போயிடலாம், கலா. பனி வர்றதுக்குள்ள" என்றார்.

"நான் வர்ல."

"இங்க இன்னா இருக்குது உனுக்கு? நாலு வருசமா ஒரு அவரக்காய கண்ணுல பாத்தியா?"

"இந்த வருசம் பாப்பேன்."

"சரி. ஒரே ஒரு கொழம்புக்குக் காய் பறிச்சுக் காட்டு. இங்கயே இருக்கலாம். இல்லன்னா பெட்டியக் கட்டு." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஜெயித்தவர் ஊற்றிக்கொள்ளும் விதமாகவே ஊற்றிக்கொண்டார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஊதா நிறத்தில் முதல் கொத்து வந்தது. மூன்றாம் வாரம் பந்தல் முழுக்கப் பூ. நகக்கண் அளவுக்குப் பிஞ்சுகள். நான் காலையும் மாலையும் போய் அவற்றோடு பேசிவிட்டு வந்தேன். வராந்தாவில் சேகரின் நாற்காலி பந்தல் தெரிகிற பக்கமாகத் திரும்பியிருந்தது.

மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம் ஜூடி வந்தாள். இந்த முறை வண்டியை நிறுத்தி, இறங்கி, என் முகத்துக்கு நேரே நின்று, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: இன்று உறைபனி நிச்சயம். துணியால் மூடு. துணி தரை வரைக்கும் வரவேண்டும், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். இன்று ஒரு ராத்திரி தப்பித்தால் பத்து நாள் வெயில் இருக்கிறது, 'இந்தியன் சம்மர்' என்றாள். நமக்காகப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் பூரித்துப் போனேன். அது வேறு இந்தியர்களாம்.

வெயில் இறங்கும் நேரத்தில் படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் சரியாக இருந்தது. அவரைப் பந்தலில் போட்டால் தரையைத் தொடாமல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு விரிப்பை முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், காற்றில் அவிழ்ந்தது. கை விறைத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை, ஒரு காய்க்காக, வேற்று நாட்டு மலையில் நின்று மூக்கை உறிஞ்சி அழுதேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சேகர் செருப்பில்லாமல் புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் என் சிவப்புப் பெட்டி. கல்யாணத்துக்கு அப்பா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த புடவைகள் இருக்கும் பெட்டி. பத்து வருடமாக நாப்தலின் உருண்டையைத் தவிர யாரும் அதற்குள் குடியிருக்கவில்லை.

"இன்னாங்க இது?"

"புடவ பதினெட்டு அடி. இந்தாண்ட ஏழு, அந்தாண்ட ஏழு. மேல சுத்தினது போக மிச்சம் தரையில கெடக்கும். நாலு போட்டா பந்தலே மூடிக்கும். புடி ஜல்தியா."

"ஐயோ, அது முகூர்த்தப் புடவங்க!"

"நாளைக்கு யாரையாவது கட்டிக்கப் போறியா?"

அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், பாக்குக் கலர். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஒவ்வொன்றாக வீசினோம். சேகர் மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மண்ணில் பதித்து, மேலே கல்லை வைத்தார். பிறகு கையாலேயே மண்ணை அள்ளி ஓரத்தில் அணைத்தார். நகத்துக்குள் எல்லாம் மண். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நான் தோத்தா உங்களுக்குத்தான லாபம்? அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அவர் நிமிரவில்லை. "ஒரு வருசம் மல்லாட்ட பூத்து நிக்குது, மழ வர்ல. எங்கப்பா தெனம் போயி வரப்புல நின்னுட்டு வருவாரு. ஒன்னும் பண்ண முடியாது, சும்மா நிப்பாரு. அத பாத்தவன் நான். பூத்த பயிர உட்டுட்டு உள்ள போயி டிவி பாக்க முடியல. போதுமா?" என்றவர், அடுத்த நொடியே, "அந்தக் கல்ல எடு. பேஜார் பண்ணாத" என்றார்.

காலையில் புல் எல்லாம் உப்பைக் கொட்டியது போல வெளுத்திருந்தது. நடுவில் நாலு பட்டுப்புடவை வெயிலில் ஜரிகை மின்ன நின்றது, கோயில் தேர் வழிதவறி வந்துவிட்டது மாதிரி. ஜூடி வண்டியை நிறுத்தி இறங்கினாள். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், "உங்கள் பண்டிகையா?" என்று கேட்டாள். எனக்கு விளக்கிச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையசைத்துப் போய், அரை மணி நேரத்தில் 'ஆப்பிள் பை' என்கிற பலகாரத்தோடு வந்தாள். பண்டிகை வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதாம்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஆரணியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"ஏண்டி, பின்னால இன்னாது அது? பொடவயா?"

"காயப் போட்ருக்கேம்மா."

"பட்ட வெயில்ல காயப் போடறவ ஜவுளிக்காரன் ஊட்ல பொறந்தவளா? ஐயோ, அது அரக்கு பொடவதான? ஏங்க, இங்க வாங்க, உங்க பொண்ணு செடிக்குப் பட்டு கட்டி உட்டுருக்கா!"

அப்பாவின் கண்ணாடி திரையை நிறைத்தது. புடவை எத்தனை, என்ன விலை பெறும் என்று கேட்பார் என்று பயந்தேன். "அந்த அரக்கு ஈரம் பட்டா சாயம் உடும்மா. அதுக்கடியில வெள்ளத் துணி எதுவும் வெக்காத" என்று மட்டும் சொன்னார். வியாபாரி. அம்மாதான் ஓயாமல் திட்டினாள். திட்டி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "காய் புடிச்சிருக்கா?" என்றாள்.

புடவையை விலக்கினேன். இலை ஓரங்கள் மட்டும் கருகியிருந்தன. பூவும் பிஞ்சும் அப்படியே இருந்தன. அரக்குப் புடவையின் சாயம் அடியில் கிடந்த ஒரு படுக்கை விரிப்பின் விளிம்பை ரோஜா நிறமாக்கியிருந்தது. அப்பா சொன்னது சரி.

ஜூடி சொன்ன வெயிலும் வந்தது. பதினோராவது நாள் பறித்தோம். முறத்தில் கொட்டிப் பார்த்தால் இரண்டு கைப்பிடி. சேகர் முறத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "இது பொரியலுக்கே பத்தாது" என்றார். நான் ஒரு கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துக் குழம்பாக்கினேன். அது ஏமாற்று வேலை என்று ஆட்சேபித்தார். ஆட்சேபித்துக்கொண்டே தட்டை வழித்தார். மறுசோறு போட்டுக்கொண்டு, மீதி இருந்த அவரைக்காய்களை மட்டும் பொறுக்கி என் தட்டில் வைத்தார்.

"மூணு நாளைக்கு அங்க ஒரு ரூம் பாத்துக்கறேன்" என்றார் கடைசியில். "செவ்வா, புதன், வியாழன். மிச்ச நாளு இங்க. ஒரு வருசம் பாக்கலாம்."

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று இன்னும் சண்டை தீரவில்லை. வீடு இருக்கிறது, அதில் பாதி நாள் பாதிக் குடும்பம் இருக்கிறது. சேகர் வெள்ளிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக விறகை அடுக்குகிறார், நான் அடுக்கியது கோணலாம். கையில் மண் படாமல் பார்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். நான் தனியாக இருக்கும் மூன்று நாளும் பயமில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பாதி உண்மை.

காலையில் எழுந்ததும் கைப்பேசியில் வானிலை பார்ப்பேன். மூன்று ஊர் வைத்திருக்கிறேன்: ஆரணி, பாஸ்டன், எங்கள் கிராமம். விரல் முதலில் போவது ஆரணிக்குத்தான். போன புதன்கிழமை ஆரணியில் இடியுடன் மழை என்றிருந்தது. அம்மா மாடியில் துணி காயப் போட்டிருப்பாளே என்று நினைத்துக்கொண்டே கம்பளிச் சட்டையைப் போட்டேன், பூட்ஸை மாட்டினேன், கோழித் தீனி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மலை உச்சி வரைக்கும் ஒரு மேகம் இல்லை. காலடியில் உறைபனி நொறுங்கியது. கூண்டுக் கதவைத் திறக்கப் போனபோதுதான் மற்றக் கையும் காலியாக இல்லை என்று தெரிந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.