பாராசூட் கூறைச்சீலை

என் மாமியாருக்கு எந்த விலையையும் அணாவாக மாற்றிச் சொன்னால்தான் மனத்தில் இறங்கும். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், கடத்தூர்ச் சந்தையில் தக்காளி கிலோ இரண்டு ரூபாய் என்றார் கடைக்காரர். இவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "முப்பத்திரண்டு அணாங்களா? தக்காளிக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் அணாவைக் கண்ணால் பார்த்திராத வயசுக்காரர். "ஆயா, வேணும்னா எடுங்க, இல்லன்னா வழிய வுடுங்க" என்றார். பக்கத்தில் கூடையோடு நின்ற நான் பல்லைக் கடித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தாலும், மாமியாரோடு சந்தைக்குப் போவது மட்டும் பழகவேயில்லை.

எங்களுடையது கேழ்வரகும் கடலையும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பம். கடத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு. பிறந்த வீட்டில் எனக்குச் சீராகக் கொடுத்த டிரான்சிஸ்டர், வந்த வாரமே மாமியார் வசம் போய்விட்டது. மத்தியானம் இலங்கை வானொலியில் பாட்டுப் போடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி. இருந்த ஒரே வீட்டின் வாசலில் படம் பார்க்க முதல் ஆளாகப் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். படம் நடக்கிறபோதே தன் காலத்துக் கொட்டகையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அப்போதெல்லாம் படத்தில் ஆள் சாகும்போதுகூடப் பாடிவிட்டுத்தான் சாவானாம். மணலில் உட்கார்ந்து பார்க்க அரையணா வாங்கிக்கொண்டு விடிய விடியப் பாட்டுக் கேட்கவைத்தார்களாம். "இப்ப மூணு மணி நேரத்துல முடிச்சுட்டு வூட்டுக்குப் போங்கறான்" என்று அலுத்துக்கொள்வார்.

அவர் காலம் என்று அவர் சொன்னது உலக யுத்தம் முடிந்த அந்த ஒன்றிரண்டு வருஷத்தைத்தான். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆனது. ஆகவே உலகமே அப்போதுதான் நடந்தது என்பது அவர் நினைப்பு. அரிசி கண்ட்ரோல், சர்க்கரை கண்ட்ரோல், சீமெண்ணெய் கண்ட்ரோல் என்று எல்லாமே சர்க்கார் அளந்து கொடுப்பதுதான். கோயிலில் கிறிஸ்துமஸ் பூசைக்கே புங்க எண்ணெய் விளக்குதானாம். எங்கள் பக்கம் களி தின்கிற பக்கம் என்பதால் வயிற்றுப்பாடு எப்படியோ ஓடியிருக்கிறது. ஓடாதது துணிதான். கூப்பன் இருந்தால் கடையில் துணி இருக்காது. துணி வந்த அன்றைக்குக் கூப்பன் செல்லாது என்பார்கள். "சண்டெ முடிஞ்சா எல்லாஞ் சரியாயிரும்னாங்க, கண்ணு. சண்டெ முடிஞ்சுது. சீலெதான் வரல" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். ரொம்ப நாளைக்கு அது ஏனென்று எனக்குத் தெரியாது.

காரணத்தை என் மாமனார் இருந்தவரை மாமியார் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமனார் பட்டாளத்துக்காரர். சண்டை முடிந்து மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, தலையில் டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு நடந்தே வந்திருக்கிறார். பெட்டியில் ஒரு கம்பளி, ஒரு அலுமினியக் குவளை, டீத்தூள், பிறகு பாராசூட் துணி ஒரு சுருள். வெள்ளைவெளேரென்று, கையில் நிற்காமல் வழுக்குகிற துணியாம். தனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணுக்குக் கூறைச்சீலை ஆகும் என்றுதான் அதைப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்திருக்கிறார். துண்டு துண்டாக இருந்ததை மூட்டிச் சேர்த்து, சேலத்தில் கொடுத்துச் சிவப்புச் சாயம் தோய்த்து வாங்கியும் ஆகிவிட்டது.

பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிக் கோயிலுக்குப் போன இடத்தில்தான் வினை வந்தது. அந்த வருஷம் பட்டாளத்து ஆட்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பியதால் கோயிலில் வரிசையாகக் கல்யாணம். ஒரு வீட்டிலும் கூறைக்கு வழியில்லை. பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். தமிழைப் பிசிறில்லாமல் பேசுவாராம். மாமனாரின் சீலையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒரு பெண்ணுக்கு மட்டும் போதாது, இந்த வருஷத்துப் பெண்கள் எல்லாருக்கும் ஆகும்" என்றிருக்கிறார். பட்டாளத்தில் ஆர்டருக்கு விறைப்பாக நின்று பழகிய மனுஷர் இதற்கும் சரி சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கட்டப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் கட்டியவர் என் மாமியார்தான். பூசை முடிந்து வீடு வந்ததும், விருந்துச் சோற்றில் கைவைக்கும் முன்னால் சீலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. குழம்புக் கறை பட்டுவிட்டால் அடுத்த பெண்ணுக்கு என்ன செய்வது? பந்தியில் அவர் உட்கார்ந்தது கண்ட்ரோல் கடையில் வாங்கிய காடாச் சீலையில். அவருடைய கூறை அந்நேரம் கோயிலுக்குத் திரும்பிப் போய், பூசை உடுப்புகள் வைக்கிற பெட்டிக்குள் இருந்தது.

சாயமும் மட்டமான சாயம். வைகாசி வெயிலில் ஜோடியாகத் தோளோடு தோள் உரசி வீட்டுக்கு நடந்துவந்தால், பெண்ணின் வேர்வையில் சிவப்பு இறங்கி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. வேறு சட்டைக்கும் வழி கிடையாது. அந்த வருஷத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் கிழிகிறவரைக்கும் வலது கைப்பக்கம் சிவந்த சட்டையோடுதான் சந்தைக்கும் ஏருக்கும் போனார்கள். இதைச் சொல்லும்போது மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒரு கோயில் மாப்பிள்ளைகள் மொத்தப்பேரும் ஒரே பக்கம் சிவந்து நிற்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

மாமனார் இறந்த பிறகுதான் சிரிப்புக்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. எங்கள் குடும்பங்களில் பெண் செத்தால் அவள் கூறைச்சீலையைக் கட்டித்தான் சவப்பெட்டியில் வைப்பார்கள். அதற்காகவே அதைப் பூச்சி அரிக்காமல் வைத்திருப்போம். ஒருநாள் மாமியார் தன் துணிப்பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னெ எதெக் கட்டி எடுப்பீங்க கண்ணு?" என்று கேட்டார்.

உயிரோடு இருக்கிற மனுஷி இப்படிக் கேட்டால் எரிச்சல்தானே வரும். "நல்லதா ஒரு பட்டு எடுத்துட்டாப் போச்சுங்க, அத்தெ. இப்பக் கடையில சீலைக்கா பஞ்சம்?" என்றேன்.

"புதுப்பட்டுல போனா அவுருக்கு அடையாளம் தெரியுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவுரு எனக்குன்னு அம்மாந்தூரத்துலருந்து கொண்டாந்தது அது ஒண்ணுதான். அதெ ஒரு வேளெகூட முழுசாக் கட்டுல நான்" என்றார். நாற்பது வருஷம் ஒருத்தி இதை உள்ளே வைத்துக்கொண்டு, கட்டின புருஷனுக்கும் சொல்லாமல், டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு மாமனார் மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சீலை கடைசியாகக் கட்டியவளிடமே தங்கிவிட்டது என்பது மாமியாருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடையில் துணி வர ஆரம்பித்தது. வெள்ளைக்காரச் சாமியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். திருப்பிக் கேட்க யாரும் இல்லை. அந்த அம்மாள் பிள்ளைகளோடு அரூரில் இருந்தார். போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. கேட்பது அவர் வேலை, கூட்டிப்போவது என் வேலை.

மொரப்பூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் தலைக்குமேல் டேப்பில் புதுப்படப் பாட்டு அலறியது. கண்டக்டர் டிக்கெட் விலை சொன்னதும் மாமியார் வழக்கம்போல விரலை மடக்குவார் என்று பார்த்தேன். அன்றைக்கு அவர் கணக்குப் போடவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் இது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது.

அரூர் அம்மாள் நல்ல தாட்டியான உடம்பு, பெரிய குரல். மாமியாரைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் கண்ட்ரோல் அரிசியில் கல் பொறுக்கியதையும், சர்க்கரை இல்லாமல் வெல்லம் போட்டுக் கல்யாணத்துக்கு டீ கொடுத்ததையும், சிவந்த சட்டைகளையும் பேசிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாமியார் கேட்பார் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். டீயும் முறுக்கும் தீர்ந்த பிறகுதான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"அந்தச் சீலெ இருக்குதா, புள்ள?"

"எந்தச் சீலெ? குடைத்துணிச் சீலையா? அது எங்க இருக்குது." அரூர் அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார். "எனக்கு மூத்தவன் பொறந்தப்போ தூளி கட்ட வூட்டுல ஒரு துணி கெடையாது. அதெத்தான் கட்டுனேன். எல்லாப் புள்ளைங்களும் அதுலதான் தூங்குச்சுங்க. இத்துப்போற துணியா அது? பொறவு கிழிச்சு மறைப்புக் கட்டுனேன், மூட்டெ கட்டுனேன். கடேசியா என்ன ஆச்சுன்னு ஞாபகம் இல்ல. ஏங் கேக்கற?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றார் மாமியார்.

எனக்கு ஆத்திரம். அது யார் வீட்டுச் சீலை என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. மாமியார் என் மணிக்கட்டை ஒரு அழுத்து அழுத்தினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "உங்க சீலைன்னு சொல்லியிருக்கலாம் இல்லீங்களா அத்தெ?" என்றேன்.

"அவ புள்ளைங்க நல்லாத் தூங்கியிருக்குதுங்க" என்றார். திரும்புகிற பஸ்ஸில் டேப் பாட்டுக்கு நடுவே, யாருக்கும் தெரியாதபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. மொரப்பூரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை.

அதற்குப் பிறகு சீலைப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ரேடியோ கேட்டார், படம் பார்த்தார், சந்தையில் அணாக் கணக்குப் போட்டார். கூட நின்று பல்லைக் கடிப்பதை நான் விட்டுவிட்டேன். சில நாள் நானே முந்திக்கொண்டு, "கத்திரிக்கா இருபது அணா சொல்றாங்க, அத்தெ" என்பேன். அநியாயம் என்று இருவரும் சேர்ந்து தலையை ஆட்டிக்கொள்வோம்.

ரெண்டு வருஷம் போல இருக்கும். ஒரு காலையில் டீயைக் குடித்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கூடிக் குளிப்பாட்டினார்கள். தர்மபுரிக்கு ஆளனுப்பிப் பட்டு எடுத்துவரச் சொல்லலாமா என்று என் கணவர் வந்து கேட்டார். நான் பீரோவைத் திறந்து, அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த என் கூறைச்சீலையை எடுத்தேன்.

"அது உன்னுதாச்சே" என்றார்.

"இது உங்கப்பா எடுத்த சீலெங்க. கடை கடையா ஏறி எறங்கி, பொம்பளெங்க யாரையும் வேணாம்னுட்டு, தன் கையால தொட்டுப் பாத்து எடுத்தாரு. அவருக்குப் பாத்தா தெரியும்."

என் கணவர் சீலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப உனக்கு?" என்று கேட்டார்.

"நான் போறப்போ நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நானேதான் கட்டிவிட்டேன். மாமியார் சின்ன உடம்புக்காரர். எவ்வளவு மடித்தாலும் கொசுவம் மிச்சமிருந்தது. ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீலையை எங்கே சொருகுவது, கொஞ்சம் கிழித்துவிடலாமா என்றாள். ஒரு நூல்கூடக் கிழிக்கக் கூடாது என்று அவளைச் சத்தம் போட்டேன். பெட்டியில் வைத்ததும் எல்லாரும் கொஞ்சம் விலகி நின்றார்கள். நான் குனிந்து அவர் காதுப் பக்கம் சொன்னேன்.

"இது உங்களுக்கு மட்டுந்தாங்க, அத்தெ."