துரைசானி செய்த பிஸ்கட் புட்டிங்

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போன பிறகு, ராயபுரத்தில் அவர் இருந்த பங்களாவுக்கு நம்மூர் அதிகாரி ஒருவர் குடிவந்தார். மேசை நாற்காலியோடு சமையல்காரன் நானும் கைமாறினேன். துரை போனாலும் துரைத்தனம் போகவில்லை. அதிகாரியின் மனைவி அதை எடுத்து உடுத்திக்கொண்டாள். கூடத்து மேசைமேல் சீமை பிஸ்கட் டின் ஒன்று எப்போதும் வாய்திறந்து கிடக்கும். மூடிவைத்தால் உள்ளே இருப்பது சீமைச் சரக்கு என்று வருகிறவர்களுக்கு எப்படித் தெரியுமாம்?

கடலோ கூப்பிடு தூரம். அந்த உப்புக்காற்றில் மூன்றே நாளில் பிஸ்கட் நமத்துப்போகும். அதை வைத்துத்தான் கணவரின் மேலதிகாரிக்கு விருந்தில் புட்டிங் போடவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பிஸ்கட்டைத் தூளாக்கி, வெண்ணெய் விட்டுப் பிசறி, தட்டில் அமுக்கி, மேலே எலுமிச்சை கஸ்டர்டை ஊற்றி ஐஸ்பெட்டியில் வைக்கிற பண்டம். முதல் நாள் தானே செய்து பார்த்தாள். நமத்த பிஸ்கட் தூளாகுமா? பசையானது. சுவரொட்டி ஒட்டலாம்.

"இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போடணும்" என்றாள், மேதை.

மறுநாள் விருந்துக்கு நான் என் வழியில் செய்தேன். பிஸ்கட்டைத் தோசைக்கல்லில் சிறு தணலில் பரப்பி, படக்கென்று உடையும்வரை திருப்பித் திருப்பி வாட்டினேன். ஆறவிட்டு, குழவியால் ரவைப் பதத்துக்கு நுணுக்கினேன். உருக்கிய வெண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டேன். பிடித்தால் பிடிபடவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். டம்ளர் அடியால் தட்டில் அழுத்தி, ஐஸில் இறுகவிட்டு, அப்புறம்தான் கஸ்டர்ட்.

மேலதிகாரியின் மனைவி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். யார் செய்தது என்று கேட்டாள்.

"நானேதான்" என்றாள் எங்கள் மகராசி. தட்டேந்திக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை அவள்.

அவர்கள் போனபிறகு அடுக்களைக்கு வந்து குரலைத் தணித்தாள். "நீ புளியந்தோப்புச் சேரின்னு தெரிஞ்சிருந்தா அவங்க தொட்டிருக்கவே மாட்டாங்கப்பா."

என் கைப்பண்டம் இவர்கள் வயிற்றுக்கு ஆகும், என் கை என்று சொன்னால் மட்டும் காதுக்கு ஆகாது. தூ!

அந்த வாரமே வினை வந்தது. தன் வீட்டுக்கு வந்து செய்துகாட்டும்படி மேலதிகாரியின் மனைவி ஆளனுப்பினாள். எங்கள் எஜமானியம்மா அடுக்களைக்கு ஓடிவந்தாள்.

"எப்படிச் செஞ்சே? சீக்கிரம் சொல்லு."

"சொல்றேம்மா. எங்க சமையல்காரன்கிட்ட கத்துகினேன்னு அவுங்க வூட்ல ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. திறந்து கிடந்த டின்னைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். அவளுக்கு நல்ல புட்டிங்கைவிட நல்ல பொய் பெரிது.

சாயங்காலம் திரும்பி வந்ததும் என் சீட்டு கிழிந்தது. துணிமணியை மூட்டை கட்டும்போது கார் ஓட்டுகிறவர் வந்தார். டின்னைச் சுமந்துபோய் அந்த வீட்டு அடுக்களை வாசலிலேயே நின்றவர். எத்தனை வெண்ணெய் போட்டும் பசைதான் என்றார்.

"என்னப் பத்தி ஒரு வார்த்தயாவது சொல்லிச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லிச்சி நைனா. பிஸ்கோத்த எங்க சமையல்காரன் கெடுத்துட்டான்னு சொல்லிச்சி."