தானாக ஓடிய என்ஜினும் ஹாஜிராவின் கையெழுத்தும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். வரத்தான் செய்யும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினேழு வருடம் சூப்பர்வைசராகக் கத்திக் கத்தியே தொண்டை போனவன் நான். ஆனால் ஹாஜிராவைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கோபம் யார் மேல் பாய்வது என்று தெரியாமல் என் மேலேயே பாய்கிறது.

எங்களுடையது சின்னக் கம்பெனி. பொம்மை ரயில் என்ஜின் செய்தோம். குழந்தை விளையாடுகிற பொம்மை இல்லை. வெளிநாட்டில் வேலை ஓய்ந்த பெரிய மனிதர்கள் வீட்டில் ஒரு அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு ஓட்டுவார்களே, அது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சிப். கன்ட்ரோலர் எந்த நம்பரைக் கூப்பிடுகிறதோ அந்த என்ஜின் மட்டும் நகரும். மற்றதெல்லாம் தண்டவாளத்தில் கரெண்ட் இருந்தாலும் கம்மென்று நிற்க வேண்டும்.

கடைசி மேஜையில் ஹாஜிரா. பழவேற்காட்டுக்காரி. அவளுடைய அத்தா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், அந்தக் கை இவளுக்கு வந்திருந்தது. காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். புருஷன் ஹனீப் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து மூன்று வருடமாகப் படுக்கை. வீட்டில் உலை ஏறுவது இவள் ஒருத்தி சம்பளத்தில். ஒவ்வொரு என்ஜினையும் பத்து சுற்று ஓடவிட்டுப் பார்த்து, சின்னச் சீட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டு டப்பாவுக்குள் வைப்பாள். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு டப்பாவும் வெளியே போகாது.

2008ஆம் வருஷம் கரெண்ட் கட் எங்களைப் பேயாகப் பிடித்தது. பகலில் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். கரெண்ட் இல்லாமல் கன்ட்ரோலர் இல்லை, கன்ட்ரோலர் இல்லாமல் டெஸ்டிங் இல்லை. நான்தான் ஒரு வழி சொன்னேன். பழைய பைக் பேட்டரி ஒன்றைத் தண்டவாளத்தில் மாட்டச் சொன்னேன். சிப்பில் இருபத்தொன்பதாம் நம்பர் செட்டிங் ஒன்று உண்டு. அதில் இரண்டு என்று வைத்தால் கன்ட்ரோலர் சொன்னால் மட்டுமே என்ஜின் ஓடும். ஆறு என்று வைத்தால் சாதா பேட்டரி கரெண்டிலும் ஓடும்.

"எல்லாத்துக்கும் ஆறு வெச்சு உடு. டெஸ்டிங் நிக்காது," என்றேன்.

"அப்பறமா திரும்ப ரெண்டு ஆக்கணுமாண்ணா?" என்று கேட்டாள்.

"அதுக்கு வேற நேரம் செலவு பண்ணணுமா? இருந்துட்டுப் போவுது."

பேட்டரி யோசனைக்காக முதலாளி மணவாளன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்; ஆறு வைத்தது அவருக்குத் தெரியாது. நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இரண்டு மாதத்தில் முந்நூறு என்ஜின் திரும்பி வந்தது. வெளிநாட்டில் வாங்கினவர்கள் ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில், யாரும் கூப்பிடாமலே, முழு வேகத்தில் பாய்கிறதாம். ஒன்று மேஜையிலிருந்து விழுந்து சுக்குநூறாகியிருக்கிறது. வியாழக்கிழமை வாங்குகிற கம்பெனியின் ஆள் நேரில் வருவார், அதற்குள் காரணம் என்ன, பொறுப்பு யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், மறுபடி ஒரு என்ஜின் தானாக ஓடினால் ஆர்டர் அதோடு சரி என்று கடிதம் வந்தது.

பழியை யார் மேலாவது போட வேண்டும். சால்ட்ரிங் செய்கிற சத்யா என்ற பெண் கண்ணில் பட்டாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண், வேலைக்குச் சேர்த்துவிட்டதே ஹாஜிராதான். அவள் வைத்த ஈயம் சரியில்லை என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் பெண் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹாஜிராவுக்கு அது பொறுக்கவில்லை. "அவ சால்ட்ரிங் நல்லாதான் கீதுண்ணா. நான் நிரூபிச்சுக் காட்றேன்," என்றாள்.

ஐந்து நாள் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரண்டு என்ஜினுக்கு ஒரே நம்பர் விழுந்துவிட்டதோ என்று முந்நூறையும் சரிபார்த்தாள். சக்கரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். சத்யா வைத்த ஈயத்தைப் பிரித்துத் தானே வைத்தாள். எதைச் செய்தாலும் எங்கள் மேஜையில் என்ஜின் தானாக ஓடவே மாட்டேன் என்று நின்றது. ஓடினால்தானே காரணம் தெரியும். பஸ் ஸ்டாப்பில் மீன் கூடையோடு நிற்கும் சத்யாவின் அம்மா பச்சையம்மா தினமும் இவள் முகத்தைப் பார்ப்பாளாம்.

"அந்தம்மா ஒண்ணும் கேக்கலண்ணா. கேட்டாக்கூட பரவால்ல. பாத்துக்கினே நிக்குது," என்று புதன்கிழமை சொன்னாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

எங்கள் சிப்காட்டில் கரெண்ட் திரும்பி வரும்போது எகிறிக்கொண்டு வரும். இரண்டு சிப் அப்படிக் கருகியதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தோம். கரெண்ட் போனதும் முதல் காரியம் என்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிட வேண்டும். வந்ததும் முதலில் கன்ட்ரோலரைப் போட்டு, அதற்குப் பிறகுதான் என்ஜினை வைக்க வேண்டும். ஹாஜிரா ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அன்று இரண்டு மணிக்குக் கரெண்ட் போனபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மேஜையில் தலை சாய்த்து அழுதாள்.

நாலு மணிக்குக் கரெண்ட் வந்தது. என்ஜின் சர்ரென்று பாய்ந்து, வளைவில் தடம் புரண்டு, அவள் மடியில் விழுந்தது.

அவள் அதைக் கையில் எடுத்து, தண்டவாளத்தையும் கன்ட்ரோலரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருபத்தொன்பதாம் செட்டிங்கை இரண்டு என்று மாற்றி, மறுபடி தண்டவாளத்தில் வைத்து, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். நின்றது. பத்துத் தடவை போட்டாள். பத்துத் தடவையும் நின்றது.

"கன்ட்ரோலரு பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு நொடி வெறும் கரெண்ட் வருதுண்ணா. பேட்டரின்னு நெனச்சுக்கினு ஓடுது. ஆறு வெச்சதாலதான். இங்க எப்பவும் கன்ட்ரோலரு போட்ட அப்பறமா என்ஜின வெக்கறதால ஓடல."

ஆறு வைக்கச் சொன்னவன் நான். அது அவளுக்கும் தெரியும்.

"சரி, ராவோட ராவா ஆள் போட்டு எல்லாத்தையும் ரெண்டு ஆக்கிடலாம்," என்றேன். "காரணம் சால்ட்ரிங்தான்னே இருக்கட்டும். அவதான் போய்ட்டாளே."

"அவ பேரு அந்தத் தாள்ல இருக்கக்கூடாதுண்ணா."

"அப்ப யார் பேரு இருக்கணும்?" என்று கேட்டேன். பெரிய மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தேன். இந்த வயதில் வெளியே தள்ளினால் எவன் சேர்த்துக்கொள்வான்? இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கிற இடத்தில், எல்லோருக்கும் எதிரில், அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "என் பேரை மட்டும் இழுத்துடாதம்மா," என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கேட்டுவிட்டு, "ஆறு வெக்கச் சொன்னது யாரு?" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாய் திறந்திருக்கலாம். வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"நானாதான் வெச்சேன் சார். சத்யா மேல தப்பில்ல. அவளைத் திரும்பக் கூப்டுக்குங்க," என்றாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் சோதிக்கிறவளே தப்பு வைத்தாள் என்றால் இனி அவள் சீட்டை வெளிநாட்டுக்காரன் எப்படி நம்புவான் என்று கேட்டார். பொறுப்பு என்ற கட்டத்தில் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிட்டார். ஹாஜிரா என்று என் கையாலேயே எழுதினேன். அன்று மாலையே அவள் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வந்த ஆள், ராவோடு ராவாக இரண்டு ஆக்கிய என்ஜின்களில் நாற்பதைத் தண்டவாளத்தில் நிறுத்தி ஸ்விட்ச் போட்டார். ஒன்றுகூட அசையவில்லை. ஆர்டர் நிலைத்தது, லைன் நிலைத்தது, என் வேலையும் நிலைத்தது.

சத்யா திரும்பி வந்தாள். முதலாளி அவளைக் கடைசி மேஜையிலேயே உட்கார வைத்தார். முதல் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் பேனாவைப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்.

"இன்னா சார் ஆச்சு ஹாஜிராக்காவுக்கு? அவ்ளோ உஷாரா இருக்கறவங்க, எப்டி சார் இந்தத் தப்ப பண்ணாங்க?"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் யாருமே இல்லை.

"கவனக்குறைவும்மா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, சீட்டை டப்பாவுக்குள் வைத்தாள்.