எறும்பு மொய்க்காத நோய்

சிறுநீரில் எறும்பு மொய்க்காவிட்டால் நோயே இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? வேலம்மாவின் மாமியார் தேவானை அப்படித்தான் நம்பினாள். அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்த வீடுகளிலும் இதே சோதனைதான் நடக்கிறது.

அடையாற்றங்கரைக் குடிசைகள் அத்தனைக்கும் ஒரே அடிபம்பு. அக்கரைப் பங்களாக்களில் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்த 1974-ஆம் ஆண்டுக் கோடையில், பம்படிச் சண்டையில் எவளோ வீசிய பித்தளைக் குடம் வேலம்மாவின் தலையில் விழுந்தது. வீக்கம் வடிந்தது; தாகம் பிடித்துக்கொண்டது. செம்பு செம்பாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் நிறமே இல்லாமல் வெளியேறியது. மறைவிடம் தேடி ஓடி ஓடி மாதக் கணக்கில் தூக்கம் கெட்டது.

ஐப்பசியில் தேவானை அவளுடைய சிறுநீரை மண்ணில் ஊற்றிவைத்துப் பார்த்தாள். ஓர் எறும்பும் வரவில்லை.

“சக்கரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வரிசையில நின்னு நான் புட்சினு வர தண்ணிய இவ குடிச்சுட்டு ஆத்தங்கரைக்கு ஓடிக்கினு கீறா. இது எவளோ வெச்ச சூனியம். சஷ்டி வருது, முருகனுக்குப் பச்சத் தண்ணி படாம விரதம் இருடி, அடங்கும்.”

வடபழனி ஸ்டுடியோவில் விளக்குத் தூக்கும் கணவன் ரகுபதி, “அம்மா சொல்றத கேளேன்” என்றான்.

கேட்டாள். பழையபடி ஆகவேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு இல்லாமலா? ரகுபதி விளக்குப் பிடித்த ஒரு படத்தையாவது அவன் தோளில் சாய்ந்தபடி முழுதாகப் பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து ஓடக்கூடாது.

விரதத்தின் முதல் நாள் உச்சிவெயிலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலிப் பானையைக் கட்டிக்கொண்டு, அதன் ஈரவாசனையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ரகுபதி வந்தான். அவனை யாரோ என்று பார்த்தாள்.

“அண்ணே, ஒரு வாய் தண்ணி குடுப்பீங்களா?”

அவன் செம்பை எடுத்தான். தேவானை கையைப் பிடித்தாள். “விரதம் கலைஞ்சா சாமி குத்தம்டா.”

“என்னையே அடையாளம் தெரியல இவளுக்கு. கைய விடும்மா.”

அவள் வாயை நனைத்தான், ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அவள் தெளிந்த பிறகு, டாக்டர் அஃப்சருன்னிசா தண்ணீரை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். வேலம்மா பக்கத்திலிருந்த செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இங்கேயுமா?”

“இங்க நான் பக்கத்துலயே இருப்பேன். உன் எடை ரொம்ப இறங்குச்சுன்னா உடனே தண்ணி குடுத்துடுவேன். இது வேண்டுதல் இல்லம்மா, சோதனை.”

தண்ணீர் நின்ற பிறகும் சிறுநீர் பச்சைத் தண்ணீர் போலவே போனது. ஊசி போட்டார். அதன் பிறகு குறைந்தது, மஞ்சள் நிறமும் வந்தது.

“இதுவும் நீரிழிவுதான். ஆனா சர்க்கரை இல்லாதது” என்றார் டாக்டர். “மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கு. தண்ணிய வீணா விடாதேன்னு சிறுநீரகத்துக்கு அதுதான் சேதி அனுப்பும். தலையில அடிபட்டதுல அந்தச் சேதி நின்னுபோச்சு. அதத்தான் ஊசியில போட்டோம்.”

“எவளும் எனக்கு ஒண்ணும் வெக்கலையா?”

“குடத்த வீசினவளத் தவிர யாரும் இல்ல.”

வேலம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

எண்ணெயில் கலந்த அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மருந்து வந்துசேரும் வாரங்களில் அவள் தூங்குகிறாள். ஒருமுறை இடைவேளை தாண்டியும் ரகுபதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வராத வாரங்களில் தாகம் திரும்பிவிடுகிறது. பம்படி வரிசையின் கடைசியில் நின்று, முன்னால் நிறையும் குடங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தி நிற்கலாம். அவளை முன்னால் விடுங்கள். வயிறாரக் குடிக்க விட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.