லாரியில் ஏற வேண்டியவன் நான்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என்னை இந்தச் சபையில் பாட்டெடுத்துக் கொடுக்கிற சாமுவேலாகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஒளிந்து கொண்டவன் என்பது சிலருக்குத்தான் தெரியும். அதை இன்று எல்லாரும் கேட்கச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். மலாயாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம். பால்வெட்டு நின்றுபோய், காலி இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். உடுத்தத் துணியில்லாமல் பல பேர் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எஸ்தருக்கு அப்போது எட்டு மாதம்.

ஒரு நாள் விடியற்காலையில் எல்லா ஆம்பிளைகளும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். போனால் லாரி நிற்கிறது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரியும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை என்பதும் தெரியும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கையில் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் இருந்தது. அவர் முதல் பெயரை வாசிக்கும்போதே நான் பின்பக்கமாக நழுவி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்குள் புகுந்துகொண்டேன்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஜப்பான் சிப்பாய் தலைகளை எண்ணினான். ஒன்று குறைந்தது. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் முனியாண்டி. எங்கள் அடுத்த வீட்டுக்காரன். பட்டியலில் அவன் பெயரே இல்லை.

நான் கொட்டகைக்குள் போனதை முனியாண்டி பார்த்திருந்தான். ஒரே ஒரு தரம் என் பக்கம் திரும்பினான். வாயைத் திறக்கவில்லை. லாரியில் ஏறிவிட்டான்.

எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. உபதேசியார் வருவது நின்றுபோனதால் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபத்தை நானே நடத்தினேன். வார்த்தைகள் வரும். மனசு கல்லாகக் கிடக்கும். முனியாண்டியின் மனைவி செல்லம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவளும் இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். "அண்ணே, ஒங்க சாமிகிட்ட அவருக்காகவும் சொல்லுங்கண்ணே" என்பாள். சொல்லுவேன். ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன். அவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன்.

அஞ்சாறு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு கண்ணை மூடினேன், நாக்கு எழவில்லை. எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

"செல்லம்மா, அன்னைக்குப் போக வேண்டியவன் நான். ஒளிஞ்சுகிட்டேன். என் எடத்துலதான் முனியாண்டிய ஏத்துனானுங்க."

அவள் அழவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் பாத்திக்குக் களை வெட்டிக் கொடுத்தேன். கிழங்கு தோண்டி அவள் வாசலில் வைத்தேன். அப்படியே என் வாசலுக்குத் திரும்பி வந்தது.

மூன்று ஞாயிறு வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. மனுசன் உசிரோட வரணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க. மறைச்சு வச்சுக்கிட்டுப் பண்ணுனது போவட்டும். இனிமே பண்றது எனக்கு வேணும்."

அன்றைக்குப் பண்ணின ஜெபம்தான் என் வாழ்நாளில் நான் பண்ணின முதல் ஜெபம் என்று சொல்லுவேன். "ஆண்டவரே, நான் கோழை. அவனைக் காப்பாத்தும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. வெளியில் எதுவும் மாறவில்லை. அதே பசி, அதே பயம். ஆனாலும் அந்தச் சமாதானம் என்னை விட்டுப் போகவில்லை.

அது நிஜமா என்று சீக்கிரமே தெரிந்தது. லாரி மறுபடி வந்தது. எஸ்தர் குழந்தையோடு என்னைப் பார்த்தாள். "இந்தத் தடவ நிக்கப் போறேன்" என்றேன். "நில்லுங்க" என்றாள். நின்றேன். மனம் ஆடவில்லை. சிப்பாய் என் முழங்காலுக்குக் கீழே அழுகிக் கிடந்த புண்ணைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, என்னை ஒதுக்கித் தள்ளினான். எத்தனையோ நாள் சபித்த புண் அது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து முனியாண்டி வந்தான். எலும்பும் தோலுமாக, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு. நான் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன்.

"நான் எங்க இருந்தேன்னு ஒனக்குத் தெரியும்ல. ஏன்டா சொல்லல?"

"எஸ்தரு வயித்துப் பிள்ளக்காரி. சொன்னா மட்டும் என்னைய விட்டுருவானா? ரெண்டு பேரையும் சேத்து ஏத்திருப்பான் லா." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அங்க ஒன்னைய ரொம்பத் திட்டுனேன் சாமேலு. அப்புறம் திட்டத் தெம்பு இல்லாமப் போச்சு. திங்க என்னா இருக்கு?"

செல்லம்மா உள்ளிருந்து ஓடி வந்தாள். அவனைப் பிடித்துக்கொண்டு அழுதவள், என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே" என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை.

அந்த லாரியில் போன பன்னிரண்டு பேரில் திரும்பியவர்கள் மூன்று பேர். மற்ற வீடுகளிலும் சாமியைக் கூப்பிட்டுத்தான் அழுதார்கள். ஏன் அவர்கள் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அதை ஆண்டவரிடம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கு நன்றி சொல்வதையும் நிறுத்தவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முனியாண்டி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆண்டவர் என்னைத் தேடி வந்துவிட்டார். நான் உண்மையைச் சொல்லுகிற வரைக்கும் காத்திருந்தார். உங்களுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியது இருந்தால், இங்கிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போங்கள். பயப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் அவர் அங்கே போய் நிற்பார்.